கல்லூரி முதல் வருடம்: பிள்ளைக்கும் வீட்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கவுன்சலிங் முடிந்து, சீட் உறுதியாகி, ஃபீஸ் கட்டி, ஹாஸ்டல் ரூமில் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்புகிற அன்றைக்கு நிறைய வீடுகளில் 'அப்பாடா, இனிமே காலேஜ் பாத்துக்கும்' என்று ஒரு நிம்மதி வருகிறது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் இருந்தது, இரண்டு நாள் வராவிட்டால் மிஸ் போன் பண்ணுவார், மார்க் குறைந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். கல்லூரியில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் ஒரு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குவது மற்றவர் கண்ணில் படுவதற்கே ஒரு செமஸ்டர் ஆகிவிடும்.

நான் முதலாம் ஆண்டு வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறவன். நான் பார்த்த வரைக்கும், முதல் வருடத்தில் விழுந்தே போகிற பிள்ளைக்கும் விழுந்து எழுந்துவிடுகிற பிள்ளைக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. எழுந்துவிடுகிற பிள்ளை கெட்ட சேதியை வீட்டில் சீக்கிரம் சொல்லிவிடுகிறது. பாடம் புரியவில்லை, பணம் தீர்ந்துவிட்டது, சீனியர் தொந்தரவு பண்ணுகிறான், பேப்பர் போய்விட்டது, எதுவாக இருந்தாலும். அப்படிச் சொல்ல முடிகிற வீடாக உங்கள் வீடு இருக்கிறதா என்பதுதான் இந்த வருடத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங், கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்கிற, அதிலும் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: காகிதங்களும் பேங்க் கணக்கும் (சேர்வதற்கு முன்)

பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் எடுத்து வீட்டில் ஒரு போனிலும் பிள்ளையின் மெயிலிலும் வைத்துவிடுங்கள். ஜெராக்ஸ் நாலைந்து செட் வேண்டும். சரிபார்த்த பிறகு ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி.யின் விதி. டி.சி.யைத் தவிர மற்றவற்றைத் திருப்பிக் கேளுங்கள், கேட்பதற்குத் தயங்க வேண்டாம். உடனே தர முடியாது என்றால் என்னென்ன வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீதாவது கையில் இருக்கட்டும்.

அரசு உதவிகள் பற்றி நிறையப் பேருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கிறது. முதல் பட்டதாரிக் கல்விக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகத் தொழிற்கல்விக்கு வருகிறவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் வாங்கிய பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்றுக்கொள்ளும் என்று 2021-லேயே அறிவித்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் இவற்றில் சேர்த்திருக்கிறார்கள். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாமே கல்லூரி மூலமாகப் பதிவாக வேண்டியவை. அதனால் ஆபீஸில் ஸ்காலர்ஷிப் பார்க்கிறவர் யார் என்பதையும், பிள்ளையின் யு.எம்.ஐ.எஸ். எண் (கல்லூரி மாணவர்களுக்கான அரசுப் பதிவேட்டு எண்) என்ன என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வராமல் நிற்பதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது பேங்க் கணக்குதான். பிள்ளையின் பெயரில் கணக்கு இருக்கும், ஆதார் நம்பரும் கொடுத்திருப்பீர்கள், ஆனால் அரசுப் பணம் வருவதற்கான ஆதார் இணைப்பு அந்தக் கணக்கில் செய்யப்பட்டிருக்காது, அல்லது எட்டாம் வகுப்பில் திறந்து வருடக்கணக்கில் தொடாமல் விட்ட இன்னொரு கணக்கில் அது போய் உட்கார்ந்திருக்கும். பேங்கில் போய், 'நேரடி மானியம் வர ஆதார் சீடிங் இந்தக் கணக்குலதான் இருக்கா, கணக்கு நடப்புல இருக்கா' என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

கல்விக் கடன் வேண்டும் என்றால் சீட் உறுதியானவுடனே ஆரம்பித்துவிடுங்கள். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை என்பதுதான் வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டம். படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி பணம் வாங்கிய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள், கடன் அவர்கள் பெயரிலும்தான் இருக்கிறது.

படி 2: கிளம்புகிற வாரத்தில் ஒரு பேச்சு

இதைத் தள்ளிப் போடாதீர்கள். சாப்பாட்டு நேரத்திலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து, அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே பேசுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் மற்றவர் கோபப்படுவாரோ என்ற பயம் பிள்ளைக்கு இருந்துகொண்டே இருக்கும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மார்க் குறையலாம், அரியர் விழலாம், பணம் தொலையலாம், யாராவது வம்பு பண்ணலாம். எது நடந்தாலும் மொதல்ல எங்ககிட்ட சொல்லு. சொன்னதுக்காகத் திட்ட மாட்டோம்."

இதைச் சொல்வது சுலபம். காப்பாற்றுவதுதான் கஷ்டம், ஏனென்றால் பிள்ளை முதலில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிப் பார்க்கும். "இன்டர்னல்ல இருபதுதான் வாங்கினேன்" என்று, செமஸ்டருக்கு நடுவில் கல்லூரியே வைக்கிற தேர்வைப் பற்றிப் போனில் சொல்லிவிட்டு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று காத்திருக்கும். அந்த இடத்தில் "நாங்க இங்க வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் படிக்க வைக்கிறோம்" என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அடுத்த பெரிய சேதி உங்கள் காதுக்கு வரவே வராது. குடும்பத்தின் கஷ்டம் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் மறைக்கிறார்கள்.

பெண் பிள்ளை வீட்டுக்குத் தனியாக ஒன்று. பஸ்ஸில் ஒருவன் பின்னால் வருகிறான், ஒரு ஆசிரியர் கண்ட நேரத்தில் மெசேஜ் அனுப்புகிறார், யாரோ படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டுகிறான் என்கிற மாதிரி நேரங்களில் பெண்கள் வீட்டில் சொல்லாமல் இருப்பதற்குப் பெரிய காரணம், சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம். மிரட்டுகிறவனுக்கும் இந்தப் பயம் நன்றாகத் தெரியும், அதை வைத்துத்தான் மிரட்டுகிறான். ஆகவே அப்பா வாயாலேயே சொல்லிவிடுங்கள்: "என்ன நடந்தாலும் உன் படிப்பு நிக்காது." ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

படி 3: முதல் மாதம், ஆட்களைத் தெரிந்துகொள்வது

இந்தப் படி மாணவர்களுக்கு, அதனால் நேராக உன்னிடமே பேசுகிறேன்.

ஆரம்ப நாட்களில் இன்டக்‌ஷன் நடக்கும். இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு மூன்று வாரம் என்று தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. வகுத்தது, பல இடங்களில் அது சில நாள் மேடைப் பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. எப்படி நடந்தாலும் போய்விடு. கிளாஸ் அட்வைசர் யார், உன்னைக் கவனித்துக்கொள்ள ஒதுக்கப்பட்ட ஆசிரியர், அதாவது மென்டர், யார், துறைத் தலைவர் ரூம் எங்கே, நூலகத்தில் எத்தனை புத்தகம் தருவார்கள், டிஸ்பென்சரி எத்தனை மணி வரை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். வாய்ப்புக் கிடைக்கும்போது மென்டரிடம் போய்ப் பெயர், ஊர், எந்தப் பள்ளி என்று ரெண்டு நிமிஷம் பேசிவிட்டு வா. பிரச்சினை வந்த பிறகு முதல்முறையாகப் போய் நிற்பதை விட இது எவ்வளவோ மேல்.

ஹாஸ்டலில் முதல் பத்துப் பதினைந்து நாள் ராத்திரி அழுகை வரும், மெஸ் சாப்பாடு இறங்காது. எல்லோருக்கும் அப்படித்தான், பக்கத்துக் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கிறவனுக்கும் சேர்த்துத்தான். முதல் மாதத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டால் ஹாஸ்டல் எப்போதும் அந்நியமாகவே இருக்கும், ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்.

ராகிங் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு தனியாக ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது, 1997-ல். இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். சீனியர் பெயர் கேட்பதும் பாடப் புத்தகம் தருவதும் வேறு. சட்டையைக் கழற்றச் சொல்வது, ராத்திரி ரூமுக்கு வரச் சொல்வது, அசைன்மென்ட் எழுதித் தரச் சொல்வது, காசு கேட்பது எல்லாம் ராகிங்தான். 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.

இன்னொன்றும் நடக்கும், யாரும் அதை ராகிங் என்று சொல்ல மாட்டார்கள். "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? அப்பா பேரு என்ன? கட்-ஆஃப் எவ்ளோ?" என்று வரிசையாகக் கேட்டு உன் சாதியைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள், சில இடங்களில் கயிற்று நிறமும் வாட்ஸப் குரூப்பும் அதை வைத்துத்தான் பிரியும். கட்-ஆஃபைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. நீ எந்த ஒதுக்கீட்டில் வந்திருந்தாலும் அது உன் உரிமையில் வந்த சீட், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே. உன் சாதி ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு தோளில் கை போட வருகிற கூட்டத்திலிருந்தும் தள்ளியே இரு. இழிவாகப் பேசினால் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு மென்டரிடமோ கல்லூரியின் எஸ்.சி./எஸ்.டி. செல்லிடமோ போ.

படி 4: இங்கிலீஷும் பாடமும்

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் முதல் மாதத்தில் தங்களுக்கு மூளையே இல்லை என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. ஏனென்றால் போர்டில் போட்டுக்கொண்டிருக்கிற கணக்கு அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்காக இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் அணிகளும் வகைநுண்கணிதமும் போட்டு நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, மேட்ரிக்ஸ், டிஃபரன்ஷியேஷன் என்று காதில் விழும்போது வேறு ஏதோ புதுப் பாடம் என்று பயந்துபோகிறது.

இதற்கு நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது: பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களின் ஆங்கில வழிப் பதிப்பு அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நீ தமிழில் படித்த அதே புத்தகம், அதே படம், அதே கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் கணிதம், இயற்பியல் இரண்டில் மட்டும் படி. தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படிக்கும்போது மொழி சீக்கிரம் பிடிபடும், அந்தப் பயமும் விலகும். புதுப் பாடத்தையும் புது மொழியையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றிக்கொள்ளப் பார்ப்பதால்தான் திணறல். சில வாரத்தில் வகுப்பில் சொல்வது காதில் ஏற ஆரம்பித்துவிடும், பேசுவது அதற்கு அப்புறம் வரட்டும். சந்தேகத்தைத் தமிழிலேயே கேள். தமிழில் பதில் சொல்லத் தெரியாத ஆசிரியர் இங்கே ரொம்பக் குறைவு.

பள்ளியில் ஒரு பாடத்தை வருடம் முழுக்க நடத்தி, திருப்புதல் தேர்வு மேல் திருப்புதல் தேர்வு வைப்பார்கள். இங்கே யூனிட் யூனிட்டாக ஓடி நாலைந்து மாதத்தில் முடிந்துவிடும், அதிலும் பாதி நாட்கள் விழா, லீவு, மழை என்று போய்விடும். கடைசி ஒரு மாதத்தில் படித்துக்கொள்ளலாம் என்ற பள்ளிப் பழக்கம் எம்-ஒன்னில், அதாவது முதல் செமஸ்டர் கணிதத்தில், தவறாமல் காலை வாரிவிடும். அன்றைக்கு நடத்திய கணக்கை அன்றைக்கே ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடு, பார்த்துப் புரிந்துகொண்டது போதாது.

அட்டெண்டன்ஸ் பொதுவாக 75 சதவீதம் வேண்டும். உடம்பு சரியில்லாமல் போனால் மருத்துவச் சான்றிதழை வந்த அன்றைக்கே கொடுத்துவிடு, செமஸ்டர் கடைசியில் தேடிக்கொண்டு அலையாதே. ஹால் டிக்கெட் நின்றுபோன பிறகு அப்பா அம்மாவைக் கூட்டி வந்து துறைத் தலைவர் ரூம் வாசலில் நிற்கவைப்பது அவர்களுக்கும் கஷ்டம்.

படி 5: முதல் இன்டர்னல் முடிந்ததும்

பெற்றோர் கல்லூரிக்கு ஒருமுறையாவது வரவேண்டிய நேரம் இதுதான். பெற்றோர் கூட்டம் வைத்தால் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, ஒருவராவது வாருங்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அங்கே வந்து என்ன பேசுவேன் என்று நினைக்காதீர்கள். "எந்தப் பாடத்துல பின்தங்கியிருக்கான், அட்டெண்டன்ஸ் எவ்வளவு, வகுப்புல யாரோடயாவது பேசுறானா" என்ற மூன்று கேள்வி போதும். மூன்றாவது கேள்விக்கு மென்டர் யோசித்தார் என்றால், வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் ஆற அமரப் பேசுங்கள்.

படி 6: கையில் இருக்கும் பணம்

மாதச் செலவை ஒரே தடவையாக அனுப்பாமல் வாரத்துக்கு ஒருமுறை அனுப்புவது முதல் செமஸ்டருக்கு நல்லது. ஜெராக்ஸ், ரெக்கார்ட் நோட், லேப் கோட், டிராஃப்டர், துறை அசோசியேஷன் சந்தா என்று எதிர்பாராத செலவு ஆரம்பத்தில் நிறைய வரும், கணக்குக் கேளுங்கள், ஆனால் சந்தேகத்தோடு கேட்காதீர்கள்.

இனி மாணவனான உனக்கு: போன் ஆப்பில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறவர்கள் காண்டாக்ட் லிஸ்ட்டையும் போட்டோக்களையும் எடுத்துவைத்துக்கொண்டு பிறகு மிரட்டுவார்கள். இன்னும் மோசமான ஒன்று, "உன் பேங்க் அக்கவுண்டையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்" என்று மாணவர்களைத் தேடி வருகிறவர்கள். சைபர் மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் தேடி வரும். யார் கேட்டாலும், ரூம்மேட்டே கேட்டாலும், கொடுக்காதே. பணம் ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழை, எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறாயோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

படி 7: தினசரி போன், தீபாவளி லீவு

"சாப்பிட்டியா?" என்று கேட்பது அன்புதான், கேளுங்கள். அதோடு இன்னும் ஒரு கேள்வி சேருங்கள், ஆமாம் இல்லை என்று பதில் சொல்லி முடித்துவிட முடியாததாக. இன்றைக்கு எந்த வகுப்பு போர் அடித்தது, மெஸ்ஸில் யாரோடு உட்கார்ந்தாய் என்கிற மாதிரி. அப்புறம் உங்கள் நாளையும் சொல்லுங்கள், ஆடு குட்டி போட்டது, பக்கத்து வீட்டில் சண்டை, தம்பி பல் விழுந்தது. வீட்டுச் சேதி வந்துகொண்டிருந்தால் பிள்ளைக்கும் தன் சேதியைச் சொல்ல வாய் வரும்.

தீபாவளிக்கு வரும்போது பிள்ளை கொஞ்சம் மாறியிருக்கும், நிறையத் தூங்கும், போனைப் பார்த்துச் சிரிக்கும், சமையலில் குறை சொல்லும். அதை விட்டுவிடுங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் "மார்க் எவ்வளவு, கேம்பஸ்ல எவ்வளவு சம்பளம் கிடைக்கும்" என்று விசாரணை நடக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த லீவில் கவனிக்க வேண்டியது வேறு. இளைத்துப்போயிருக்கிறதா, முன்னால் பிடித்திருந்த கிரிக்கெட்டோ கோலமோ இப்போது ஏறெடுத்தும் பார்ப்பதில்லையா, ராத்திரி முழுக்க விழித்திருக்கிறதா, ஹாஸ்டலுக்குக் கிளம்பும் நாள் நெருங்க நெருங்க வயிற்று வலி, தலைவலி என்கிறதா, "நான் இருந்து என்ன பண்ணப்போறேன்" என்கிற மாதிரி ஏதாவது வாய் தவறி வருகிறதா. கடைசியாகச் சொன்னது ஒரு தடவை வந்தாலும் பஸ் ஏற்றிவிடாதீர்கள். உட்கார வைத்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவும் பகலும் தமிழில் பேசலாம், இலவசம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். ஊரில் என்ன சொல்வார்களோ என்று யோசித்து ஒரு வாரம் தள்ளாதீர்கள்.

படி 8: ரிசல்ட் வருகிற நாள்

பன்னிரண்டாவதில் ஐநூறுக்கு மேல் எடுத்த பிள்ளைக்கும் முதல் செமஸ்டரில் ஒன்றிரண்டு பேப்பர் போகலாம், நிறையவே நடக்கிறது. ரிசல்ட் வரப்போகிறது என்று தெரிந்தால் முந்தின நாளே நீங்களாகக் கூப்பிட்டு, "எப்படி வந்தாலும் சொல்லு, அடுத்து என்ன பண்ணலாம்னு பாப்போம்" என்று சொல்லிவிடுங்கள். ஒன்றாம் நம்பர் வேலை இது.

பேப்பர் போய்விட்டால்: ஓரிரு மார்க்கில் போயிருந்தால், நன்றாக எழுதியதாகப் பிள்ளை உறுதியாகச் சொன்னால், விடைத்தாள் நகல் வாங்கி அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள், அவர் சரி என்றால் ரீவேல்யுவேஷனுக்குப் போடுங்கள். கெடு சில நாட்கள்தான். இல்லையென்றால் அடுத்த முறை எழுதுவதற்கு ஃபீஸ் கட்டும் தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கேம்பஸுக்கு வரும் பல கம்பெனிகள் நிலுவை அரியர் இருக்கக் கூடாது என்பார்கள், அதற்குள் முடித்துவிட வருடக்கணக்கில் நேரம் இருக்கிறது. முதல் வருட அரியரைப் 'பிறகு பார்த்துக்கலாம்' என்று சேர்த்துக்கொண்டே போவதுதான் ஆபத்து, கணிதத்தில் எம்-ஒன் நின்றுபோனவனுக்கு எம்-டூ இன்னும் கடினம்.

சில பிள்ளைகளுக்குப் படிப்பே பொருந்தாமல் போகும், கட்-ஆஃப் இருக்கிறதே என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருப்பார்கள், மனது வணிகவியலில் இருக்கும். ஹாஸ்டல் பிடிக்காத வருத்தத்தில் இதைச் சொல்கிறார்களா, பாடமே பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பார்க்க ஒரு செமஸ்டர் முழுதாக ஓடட்டும். அப்புறமும் அதையே சொன்னால் கேளுங்கள். ஒரு வருட ஃபீஸ் போவது பெரிய நஷ்டம்தான், பிடிக்காத நாலு வருடத்தின் ஃபீஸ் அதை விடப் பெரிய நஷ்டம்.

படி 9: இரண்டாம் செமஸ்டரும் புதுப்பித்தலும்

இரண்டாம் செமஸ்டரில் பிள்ளைக்கு ஊர் பழகியிருக்கும், நண்பர்கள் இருப்பார்கள், போன் குறையும். குறையட்டும், வாரத்தில் ஒருநாள் மட்டும் நேரம் குறித்து நிதானமாகப் பேசுங்கள். படிப்பைத் தவிர ஒரு விஷயத்தில், என்.எஸ்.எஸ்., விளையாட்டு, தமிழ் மன்றம், நான் முதல்வன் பயிற்சி, எதில் வேண்டுமானாலும் சேரச் சொல்லுங்கள், இரண்டில் சேர்ந்து எதிலும் போகாமல் இருப்பதை விட ஒன்றில் ஒழுங்காக இருப்பது நல்லது.

ஏப்ரல், மே வாக்கில் செய்ய வேண்டியவை: போஸ்ட் மெட்ரிக் மாதிரியான உதவித்தொகைகளை இரண்டாம் வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வருமானச் சான்றிதழின் காலக்கெடு தாண்டிவிட்டதா என்று பார்த்து இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள். கல்விக் கடன் இருந்தால் அடுத்த வருடத் தொகையை பேங்க் விடுவிக்க மார்க் ஷீட்டும், இங்கேதான் படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழும் கேட்பார்கள். ராகிங் தடை உறுதிமொழியை மாணவரும் பெற்றோரும் ஒவ்வொரு வருடமும் தர வேண்டும். இந்த முறை அதில் கையெழுத்துப் போடும்போது உங்கள் பிள்ளை சீனியர். புதிதாக வருகிற பிள்ளைகளை எப்படி நடத்தப்போகிறான் என்று அவனிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.